உணவு வைத்து அழைத்த கதை



சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மடல் எழுதியிருந்தான். நண்பர்களோடு சேர்ந்து அங்கே வேட்டைநிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறானாம். மான்களுக்குச் சோளம் இறைக்கும் தானியங்கிப் பொறி ஒன்று வாங்க வேண்டுமாம். "ஐயா, வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு உழைக்கும் பொறி எது? நம் மலாயாவில் அந்தக் காலத்தில் இப்படி ஏதேனும் இருந்ததா?" என்று கேட்டிருந்தான். ஆறாம் ஆண்டில் வரலாற்றுப் பாடம் என்றாலே கொட்டாவி விட்ட பையன்! இப்போதாவது கேட்கிறானே என்று மகிழ்ந்தேன்.

முதற்கேள்விக்கு விடை சொல்ல நான் கொல்லனும் அல்லன், வேட்டுவனும் அல்லன். ஆயினும் அவன் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மூன்று கால்களின்மேல் ஒரு பீப்பாய். அதன் அடியில் ஒரு சுழல்தட்டு. மின்கலமும் கடிகாரமும் குறித்த நேரத்தில் அதைச் சில நொடிகள் சுழற்ற, சோளம் சுற்றிலும் சிதறுகிறது. காலையும் மாலையும் மணி தவறாமல் உணவு விழுவதால் மான்களும் மணி தவறாமல் வந்து நிற்கின்றன. இத்தகைய பொறிக்குப் பகை ஈரந்தான். மூடி இறுக்கமாக இல்லையென்றால் சோளம் பூஞ்சை பிடிக்கும். அப்பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு பறவைகளைக் கொல்ல வல்லது. எனவே தடித்த உலோகமும் இறுகிய மூடியும் எளிதில் மாற்றத்தக்க மின்கலமும் உள்ளதாகப் பார்த்து வாங்கு என்று எழுதினேன். இது பொது அறிவு, புலமை அன்று.

இரண்டாம் கேள்விதான் என்னை விடவில்லை.

நம் காடுகளில் மனிதன் செய்யாத தீவனப்பொறி ஒன்று உண்டு. மலாய் மொழியில் அதைச் 'சிரா' என்றும் 'ஜெனுட்' என்றும் அழைப்பர். உப்பும் தாதுக்களும் ஊறிய உவர்மண் நிலம் அது. இலைதழைகளில் சோடியம் மிகக் குறைவு. ஆகவே யானையும் காட்டெருதும் மிளாவும் தெனுக் என்னும் தாப்பிரும் அந்த மண்ணை நக்கவும் அதன் கலங்கல் நீரைப் பருகவும் தேடி வருகின்றன. பேராக்கின் ரோயல் பெலும் காட்டில் உள்ள சிரா பாப்பான் அத்தகைய இடம். மின்கலம் வேண்டா, மூடி வேண்டா.

விலங்கு வரும் இடம் தெரிந்தால் வேட்டைக்காரன் வராமல் இருப்பானா? மலாயாவின் பெருவேட்டைக்காரர்களில் ஒருவரான தியோடர் ஹப்பேக் 1905இல் யானை வேட்டையையும் காட்டெருது வேட்டையையும் பற்றி ஒரு நூலே எழுதியவர். அதே மனிதர் பின்னாளில் மனம் மாறி வனவிலங்குகளுக்காக வாதாடினார். 1930இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, 1932இல் மூன்று தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தார். அவ்வுழைப்பின் பயனாக 1938-39இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றிலும் பரந்து, 4,343 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தக் காடுதான் இன்றைய தாமான் நெகாரா. அங்கே உவர்நிலங்களை நோக்கிப் 'பும்புன்' எனப்படும் மறைவிடக் குடில்கள் எழுந்தன. துப்பாக்கி ஏந்தி மறைந்திருந்த வழக்கம், விலங்கைக் கண்ணால் காண மறைந்திருக்கும் வழக்கமாயிற்று. இயற்கை உவர்மண் போதாத இடங்களில் வனவிலங்குத் துறையினர் உப்பையும் தாதுக்களையும் மண்ணில் கலந்து செயற்கைச் சிராக்களை அமைக்கின்றனர். மழை கரைத்துவிடுவதால் மீண்டும் மீண்டும் இட வேண்டும். திருட்டு வேட்டைக்காரர்களும் அதே இடத்தைத்தான் நாடுவர். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிராக்களுக்கும் காப்பளிக்கிறது.

இனி நம் பினாங்குக்கு வருவோம். இங்கே பெருவேட்டைக் காடு இல்லை. ஆனால் உணவு வைத்து விலங்கை அழைத்த வரலாறு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1884இல் சார்ல்ஸ் கேர்ட்டிஸ் என்பவர் பழைய கருங்கற் சுரங்கம் இருந்த நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்கில் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். நம்மவர்க்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் அதனருகே உள்ள இந்தப் பூங்கா. துறைமுகத்தில் கப்பல் நின்ற சில மணி நேரத்தில் பயணிகள் காண ஓடிய இடங்கள் இரண்டு: ஒன்று ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோவில், மற்றொன்று இந்தப் பூங்கா. கோவிலில் ஆமைகளுக்குக் கங்கோங் கீரை. பூங்காவில் குரங்குகளுக்குக் கடலையும் வாழைப்பழமும்.

நெடுவால் குரங்குகள் கற்றுக்கொள்வதில் நம் மாணவர்களை விஞ்சியவை. (பெற்றோர் பொறுத்தருள்க.) காகிதப் பொட்டலத்தின் சரசரப்பே அவற்றுக்குப் பள்ளி மணி. பூங்காவில் வாழும் கண்ணாடிக் குரங்கோ இலை தின்று வாழ்வது. இனிப்பையும் மாவையும் ஏற்கும் வயிறு அதற்கு இல்லை. இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியா.

1990களின் தொடக்கத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். வழியில் நானே கச்சாங் பூத்தே வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தேன். குரங்குக்குக் கொடுங்கள் என்று சொன்னதும் நானே. பத்து நிமிடத்திற்குள் ஒரு சிறுமியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பெரிய ஆண்குரங்கு ஒன்று பறித்தது. அவள் விடவில்லை, அது கடித்துவிட்டது. மருத்துவமனையில் ஊசி போட்டபோது அவள் அழவில்லை. "சார், அது பசியிலதானே கடிச்சது, அடிப்பாங்களா?" என்று கேட்டாள். அடிக்கமாட்டார்கள் அம்மா என்றேன்.

அது பொய் என்று பின்னரே அறிந்தேன். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலும் இவ்வாறே உணவூட்டப்பெற்ற குரங்குகள் மனிதரைத் துன்புறுத்தலாயின; 1970களின் தொடக்கத்தில் அவை சுட்டு ஒழிக்கப்பட்டன. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 97,000 நெடுவால் குரங்குகள் கொல்லப்பட்டன. டெக்சாஸில் பொறி வைப்பவன் எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்தே வைக்கிறான். நான் தெரியாமல் வைத்தேன். குரங்குக்கு அதில் வேறுபாடு இல்லை. சிங்கப்பூரில் 2020 முதல் வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் குற்றத்திற்கே 5,000 வெள்ளி வரை தண்டம். நம் பூங்காவிலும் உணவளிக்க வேண்டாம் என்ற பலகைகள் உள்ளன. பலகைக்குக் கீழேயே பொட்டலம் பிரிக்கும் பெரியவர்களையும் காண்கிறேன்.

மாணவனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். பொறியை வாங்கிவிட்டதாகவும், வேட்டைக்காலம் முடிந்ததும் சோளம் இறைப்பதை ஒரேயடியாக நிறுத்தலாமா, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்டு மறுமடல் போட்டிருக்கிறான். அதைப் பற்றி விவரம் அறிந்தவரிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியுள்ளேன்.

அடுத்த மாதம் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மீண்டும் பூங்காவுக்குச் செல்கின்றனர். பெற்றோர் கொடுத்தனுப்பும் தின்பண்டங்களைப் பேருந்திலேயே உண்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.