செவியிற் குரல் கேட்டோர்

1812-ம் ஆண்டு மே மாதம் 11-ம் நாள் இங்கிலாந்தின் பிரதம மந்திரி ஸ்பென்ஸர் பெர்சிவல் பார்லிமெண்டு முகப்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். சரித்திரம் பயின்றோர் இதனை அறிவர். அவர் புதல்வருள் ஒருவராகிய ஜான் பெர்சிவலைப் பற்றியோ நமக்குப் பள்ளியில் ஒருவரும் சொன்னாரில்லை. பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்த இவருக்குச் சித்தம் கலங்கிற்று. ஆளில்லா இடத்திலே குரல்கள் கேட்டன. 1831 முதல் ஏறக்குறைய மூன்றாண்டுகள் பைத்திய சாலைகளில் அடைபட்டுக் கிடந்தார். மீண்டபின், தாம் கேட்டதையும் பட்டதையும் 1838-லும் 1840-லும் நூலாக எழுதி வெளியிட்டார். 1845-ல், தம்மைப்போல் அடைபட்டு மீண்டோருடன் கூடி லண்டனில் ஒரு சங்கமும் கண்டார். பித்தர் எனப்பட்டோருக்காகப் பித்தர் எனப்பட்டோரே வாதாடிய சங்கம் அது! ஏறக்குறைய இருபதாண்டுகள் உழைத்து ஓய்ந்தது.

அச்சங்கம் செய்யாத கடற்பயணத்தைப் பிற்காலத்தில் செய்தவர் ஹாலந்துக்காரர். மாஸ்ட்ரிக்ட் நகரத்து மனநோய் வைத்தியர் மாரியுஸ் ரொம்மெயிடம் பாட்ஸி ஹாகெ என்னும் மாது சிகிச்சை பெற்று வந்தார். மருந்து குரலை ஓட்டவில்லை. வைத்தியரோ குரல் சொல்வதைக் கேட்க விரும்பவில்லை. அக்காலத்து வைத்திய மரபு அது. காணாத, கேளாத கடவுளை நம்புவோர், தாம் செவியாரக் கேட்பதை மட்டும் ஏன் நம்பலாகாது என்னும் பொருள்பட அம்மாது வினவினார். வைத்தியர் திகைத்தார். பின்னர் 1987-ல் இருவரும் டெலிவிஷனில் தோன்றி, குரல் கேட்போர் தொடர்பு கொள்ளுமாறு வேண்டினர். குரல் கேட்போராகவே சுமார் 450 பேர் முன்வந்தனர். அவருள் சுமார் 150 பேர் குரலோடு இசைந்து வாழக் கற்றிருந்தனர்.

கிராணிமாராகிய நமக்கு இக்கணக்கின் சூட்சுமம் எளிதில் விளங்கும். செக்ரோலில் பெயருள்ளவரே ஆள். பெயரில்லாதவர் எதிரே நின்றாலும் கணக்கில் நில்லார். குரலைச் சமாளித்து வாழ்ந்தோருட் பலர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறியதே இல்லை. ஏறியவரை மட்டும் கண்ட வைத்தியர், குரல் கேட்டவர் யாவரும் கெட்டார் என்று முடிவு கட்டியிருந்தனர்.

அவ்வாண்டே உட்ரெக்ட் நகரில் குரல் கேட்போர் மகாநாடு கூடிற்று. ஹாலந்தில் கண்ட வழியை இங்கிலாந்தார் கற்று, 1988-ல் மான்செஸ்டரிலே குழு அமைத்தனர். குழு நடக்கும் முறை மிக எளியது. குரல் கேட்டவரே அதனை நடத்துவர். குரல் எப்பொழுது தொடங்கிற்று, யார் சாயலில் பேசுகிறது, என்ன சொல்கிறது என்று ஒருவரையொருவர் கேட்பர். "மாலையில் வா, அப்பொழுது கேட்கிறேன்" என்று குரலுக்கே தவணை சொல்லி அனுப்பும் உபாயமும் உண்டு. மருந்தை விட்டெறி என்று உபதேசிப்பதில்லை. நோய், துயரம், தெய்வம், பேய் என எவர் எக்காரணம் கூறினும் தள்ளுவதுமில்லை.

பேய் என்னும் விளக்கத்தை நாம் ஒப்புகிறோமில்லை. எனினும் ஒன்று சொல்லவேண்டும். நம்மூர்க் கோடாங்கியாவது "நீ யார்?" என்று கேட்கிறான், ஆனால் அவன் கேட்பது பேயை, மனிதனையன்று. படித்த நாமோ அதையும் கேட்பதில்லை. 1911-ல் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி நகைத்து அப்பால் போய்விடுகிறோம். அங்கே கிடந்தோர் என்ன கேட்டனர் என்று வினவியவர் நம்மில் எத்தனை பேர்?

பல ஆண்டு ஆஸ்பத்திரிவாசம் கண்ட ரான் கோல்மன் மான்செஸ்டர்க் குழுவிற்கு வந்தபோது, அவருடைய குரல்கள் மெய்யே என்று அங்கிருந்த மற்றொரு குரல் கேட்பவர் கூறினாராம். அதுவரை அவரிடம் அவ்வாறு கூறியவரில்லை. அவர் தேறி, தேசந்தேசமாகச் சென்று பிறர்க்கும் குழு நடத்தக் கற்பித்தார். ரொம்மெயும் சாண்ட்ரா எஷரும் சேர்ந்து நூல்கள் எழுதினர். 1997-ல் மாஸ்ட்ரிக்ட் நகரிலே பல நாட்டினர் கூடி 'இண்டர்வாய்ஸ்' என்னும் உலகத் தொடர்பை நிறுவினர். டென்மார்க்கு, ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று குழுக்கள் பெருகின. அந்நாடுகளுக்குச் சென்றது புதிய மருந்தன்று. வட்டமாய் நாற்காலி இட்டு அமர்ந்து, கேட்டதைச் சொல்லும் வழக்கம்.