புகையிரதத்துக்கு முன்பே ஓடிய கணக்கு

எமது தலைமுறை மாணவர்களுக்கு அட்சரகணிதம் என்றதும் நினைவுக்கு வருபவை எதிரெதிரே வரும் இரண்டு புகையிரதங்களே. அவை எப்போது சந்திக்கும் என்ற கேள்விக்கு விடை காண இயலாமல் கணிதத்தையே வெறுத்தவர்கள் பலர். இக்கேள்வி புகையிரதத்துடன் பிறந்தது என்று எண்ணுவோரும் உளர். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் புகையிரதப் பாதை திறக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கணக்கு வழக்கில் இருந்தது என்பதே வரலாறு.

499ஆம் ஆண்டுடன் தொடர்புபடுத்தப்படும் ஆரியபட்டீயத்தில் இதற்கான விதி உண்டு. எதிரெதிரே செல்வனவாயின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்வனவாயின் வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுக்க வேண்டும் என்கிறார் ஆரியபட்டர். அது வானியல் நூல். கோள்கள் கூடும் காலத்தைக் கணிப்போருக்கு இவ்விதி அவசியமானது.

ஐரோப்பாவில், 804இல் மறைந்த அல்குயினின் பெயரால் வழங்கும் கணக்குத் தொகுப்பில், முயலைத் துரத்தும் நாய் வருகின்றது. இடைத்தூரம் 150 அடி. நாயின் பாய்ச்சல் 9 அடி, முயலினது 7 அடி. ஒரு பாய்ச்சலுக்கு 2 அடி குறைவதால், 75ஆவது பாய்ச்சலில் முயல் அகப்படும்.

இவற்றினும் என்னைக் கவர்ந்தது, ஹான் வம்சக் காலத்துச் சீன நூலான ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ கூறும் கணக்காகும். தானியம் ஏற்றிய வண்டி நாளொன்றுக்கு 50 லீ தூரமும், வெறும் வண்டி 70 லீ தூரமும் செல்லும். ஐந்து நாட்களில் மூன்று தடவை போய்வந்தால், களஞ்சியத்திலிருந்து சேருமிடம் எவ்வளவு தூரம்? சராசரி வேகம் 60 எனக் கொள்வோருக்கு 50 லீ என்ற விடை கிடைக்கும். அது பிழை. பாரத்துடன் செல்லும் வழியில் கூடுதல் நேரம் கழிவதால், உண்மைச் சராசரி 58⅓ லீ மட்டுமே. சரியான விடை 48 11/18 லீ.

சூத்திரத்தை மனனம் செய்தவன் தவறும் இடம் இதுவே. வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது சராசரியல்ல. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதே சராசரி. நின்ற நேரமும் அம்மொத்தத்தில் அடங்கும்.

இதனை எமது மக்கள் வீதியிலேயே கற்றார்கள். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் மாறியிருக்கவில்லை. ஆயினும் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் காத்திருந்த மணித்தியாலங்கள் பயணத்தை நீட்டின. அவ்வீதியில் பயணித்த செய்தியாளன் என்ற வகையில் நான் ஆசிரியர்களிடம் வேண்டுவது ஒன்றே: வண்டி ஓடும் வேகத்தை மட்டுமன்றி, அது எங்கே, எவ்வளவு நேரம், ஏன் நின்றது என்பதையும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.