சருகுமானுக்கு உயிர் கொடுத்த ஆனந்தம் சேவியர்

பினாங்கில் வளர்ந்த மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பினாங்கு ரோட்டில் ஓடியன், கேத்தே என்று தியேட்டர்கள் இருந்த காலம். பெரிய படத்துக்கு முன்னால் சில நிமிடம் கார்ட்டூன் ஓடும். 1928-இல் திரைக்கு வந்த மிக்கி எலி மின்னியைச் சுற்றிச் சுற்றி வரும். டாம் பூனை ஜெர்ரியைத் துரத்தும். காதலும் குறும்பும் எல்லாம் அமெரிக்க விலங்குகளுக்குத்தான். நம் காட்டு விலங்குக்கு அங்கே இடமில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த முதல் மலேசியக் கார்ட்டூன் எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'உப்பின் இப்பின்' என்பார்கள். அது 2007. பெற்றோர் 1995-இல் வந்த 'ஊசோப் சொந்தோரியான்' என்பார்கள். இரண்டும் இல்லை. 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்ற குறும்படம்தான் அது. உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். ஆம், நம் இந்தியச் சமூகத்தவர்.

1946-இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட்தான் பிறகு பிலிம் நெகாரா ஆனது. அரசின் செய்திப் படமும் விளம்பரப் படமும் எடுக்கும் இடம். கதைக் கார்ட்டூனுக்கென்று தனிப் பட்டறை எதுவும் நாட்டில் இல்லாத காலம். கணினியும் கிடையாது. ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள்; ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, கேமராவுக்கு அடியில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். 1978-இல் படம் முடிந்தது. தொலைக்காட்சியில் வந்ததோ 1983-இல். அத்தனை உழைப்பும் ஐந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

சாங் கஞ்சில் என்பது சருகுமான். பூனை அளவுகூட இல்லாத மான். (1994-இல் பெரோடுவா தன் சின்னக் காருக்கு வைத்த பெயரும் இதுதான். ஜார்ஜ்டவுன் சந்துகளில் அது புகுந்து வரும்போது பெயர்ப் பொருத்தம் புரியும்.) ஆற்றைக் கடக்க வேண்டுமா? "அரசர் கட்டளை, உங்களை எண்ண வேண்டும்" என்று முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, முதுகில் தாவித் தாவி அக்கரை சேர்ந்துவிடும்.

இதைக் கேட்டதும் நமக்குப் பஞ்சதந்திரக் குரங்கு நினைவுக்கு வரும். ஆசை மனைவி குரங்கின் இதயத்தைக் கேட்கிறாள். அவள் மேல் உள்ள காதலால் நண்பனையே முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது முதலை. நடு ஆற்றில் "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேனே" என்று சொல்லித் தப்புகிறது குரங்கு. இந்தப் பஞ்சதந்திரத்தை 1835-இல் மலாக்காவில் முன்ஷி அப்துல்லா மலாய்க்குக் கொண்டுவந்தார். எந்த மொழியிலிருந்து? தமிழிலிருந்து, ஒரு தமிழ் நண்பரின் துணையோடு.

அதற்காகச் சருகுமான் கதையும் நம்முடையதே என்று மேடையில் முழங்க வேண்டாம். அது இந்த மண்ணின் கதை. மலாய்க் கிராமத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது. நாம் உரிமையோடு சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதை முதலில் திரையில் நடமாட வைத்தது ஆனந்தம் சேவியரின் கை.

அவர் திறந்த வழியில் 1984-இல் 'சாங் கஞ்சில் டான் மோன்யெட்', 1987-இல் 'சாங் கஞ்சில் டான் புவாயா' வந்தன. மோன்யெட் குரங்கு, புவாயா முதலை. நம் பழைய ஜோடிதான். இவற்றை இயக்கிய ஹசான் முத்தலிப் 1998-இல் 'சீலாட் லெஜெண்டா' என்ற முழுநீளச் சித்திரப்படமும் எடுத்தார்.

பிலிம் நெகாரா 2013-இல் பினாஸ் அமைப்போடு இணைக்கப்பட்டுவிட்டது. மிக்கியை உருவாக்கிய வால்ட் டிஸ்னியின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனந்தம் சேவியரின் பெயரை இன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.