ஓரிரவின் அழிவும் பல்லாண்டின் நட்டமும்

மழையும் காற்றும் கடலும் மனிதனுக்கு வாழ்வளிப்பன. அவையே முறைதவறி வரும்போது வாழ்வைப் பறிப்பனவும் ஆகின்றன. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததன் காரணத்தைக் கமக்காரனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மேற்கே பாக்குநீரிணையும் வடக்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் எல்லையாக, வானத்தை நம்பி மானாவாரி விதைக்கும் பூநகரி மக்களாகிய நாம் அதனை அனுபவத்தால் அறிந்தவர்கள்.

புயலோ வெள்ளமோ வந்து போனதும் இத்தனை வீடு, இத்தனை ஏக்கர், இத்தனை மாடு என்று உத்தியோகத்தர்கள் கணக்கெடுப்பர். அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அது அன்றைய கணக்கு மாத்திரமே. இயற்கை அனர்த்தம் அன்றிரவு அழிந்த பொருளோடு நின்றுவிடுவதில்லை. அப்பொருள் இருந்திருந்தால் பின்வரும் ஆண்டுகளிற் கிடைத்திருக்கக்கூடிய வருவாயையும் அது கொண்டுபோகின்றது. இவ்வுண்மையைச் சரித்திரங்கொண்டு சிறிது ஆராய்வாம்.

எமக்கு அண்மையிலுள்ள சான்று 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலாகும். டிசெம்பர் 22ஆம் நாளிரவு அது மன்னாரையும் அக்கரையில் இராமேசுவரத்தையும் தாக்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதத்தைப் பயணிகளோடு கடல் கொண்டது. பாம்பன் பாலமும் சிதைந்தது. ஆனால் அப்பாலத்தைப் பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களிற் செப்பனிட்டு மீண்டும் புகைவண்டியை ஓடச் செய்தார்கள். தனுஷ்கோடியின் கதியோ வேறு. 1914 முதல் சென்னையிலிருந்து புகைவண்டியில் வந்தோர் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குச் சென்ற பெருவழியின் வாயில் அது. அத்துறைமுகம் மீளக் கட்டப்படவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்றாயினும் 1980களில் அதுவும் நின்றுபோயிற்று. தனுஷ்கோடியிற் கடை வைத்திருந்தோரும், சுமை தூக்கிப் பிழைத்தோரும், மீன்பிடித்து வாழ்ந்தோரும் இழந்த வருவாயை எந்தச் சேதப்பட்டியல் காட்டும்? ஒரே காற்று இரண்டையும் அடித்தது. செப்பனிட்டதன் நட்டம் 46 நாளோடு நின்றது. செப்பனிடாததன் நட்டம் இன்றும் நிற்கவில்லை.

இனி, விரைந்து செப்பனிட இயலாத சேதமும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்பைப் பெரும் புயல் தாக்கிற்று. சுமார் ஆயிரம்பேர் மாண்டனர். அம்மாவட்டத்துத் தென்னைகளுள் மிகப் பெரும்பகுதி ஓரிரவில் முறிந்து வீழ்ந்தது. கூரையைக் கிழமைக்குள் வேயலாம். தென்னையைக் கிழமைக்குள் வளர்க்க முடியுமா? மறுநாளே நட்டாலும் காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டும் தேங்காயில்லை, எண்ணெயில்லை, கிடுகில்லை, கயிறில்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது எம் முன்னோர் வாக்கு. மரத்தின் விலை வேறு, மரம் தந்திருக்கும் காலத்தின் விலை வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நட்டத்தின் பாரம் அதைச் சுமப்பவனின் பலத்தையும் பொறுத்தது. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. எமது வன்னியில் முல்லைத்தீவுக் கரையோரம் சொல்லொணாத் துயருற்றது. நாட்டின் பொருட்சேதம் ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டொலர். அஃது அவ்வாண்டின் தேசிய உற்பத்தியில் இருபதில் ஒரு பங்குக்கு அண்மித்தது. அதே அலையால் மாலைதீவு இழந்தது இதிற் பாதியளவேயாயினும், அச்சிறு நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் நூற்றுக்கு அறுபது வீதத்துக்கு மேற்பட்டது. 2011இல் யப்பான் 20,000 கோடி டொலருக்கு மேல் இழந்தும், அது அந்நாட்டு உற்பத்தியில் நான்கு வீதமளவேயாயிற்று. ஒரு மாடு செத்தால் பத்து மாடுடையவனுக்குக் கவலை. ஒரு மாடே உடையவனுக்கு ஆண்டு முழுதும் பட்டினி.

முன்னமே அடிபட்டவனுக்கு அடுத்த அடி இன்னும் வலியது. 2008 நவம்பரில் நிஷாப் புயலின் மழை பெய்தபோது, போரினால் வீடிழந்த வன்னி மக்கள் தறப்பாளின் கீழ் இருந்தனர். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துள் மூழ்கியபோது, மீளக்குடியேறியோர் அப்போதுதான் நிமிரத் தொடங்கியிருந்தனர். 2025 நவம்பரில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின் நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என மதிப்பிட்டது; அது தேசிய உற்பத்தியில் நான்கு வீதமளவாகும். இத்தகைய தொகை பாதைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டிய பணத்திலிருந்தே எடுக்கப்படும்.

இதே கணக்கை எமது வயல்வரம்பில் நின்று பார்ப்போம். உவர்நீரைத் தடுக்கும் அணை உடைந்து கடல்நீர் வயலுக்குட் புகுந்தால் அந்தக் காலபோகம் மாத்திரமா போகும்? உப்பு மண்ணிலே தங்கும். நல்ல மழை பெய்து அதைக் கழுவும்வரை மொட்டைக்கறுப்பனும் முகஞ்சுளிக்கும். இதற்கிடையில் விதைநெல் சோறாகும்; நாம்பன் சந்தைக்குப் போகும்; தாலிக்கொடி அடைவுக்குப் போகும்; கெட்டிக்காரப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலிக்குப் போகும். அப்பிள்ளை படித்துச் சம்பாதித்திருக்கக்கூடியதையும் புயலின் நட்டத்திற் சேர்க்க வேண்டாமோ?

பரிகாரம் இல்லாமலில்லை. 1958இல் இந்நாட்டில் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1961இற் சட்டமாயிற்று. ஆயினும் காப்புறுதி நட்டத்தை ஈடுசெய்யுமேயன்றித் தடுக்காது. தடுப்பது அணையும் குளக்கட்டும் கண்டலும் பனைநிரையுமாம். வன்னியெங்கும் குளங்கட்டிய முன்னோர், பெய்த ஆண்டில் தேக்கிப் பெய்யாத ஆண்டில் உண்டார்கள். சேமிப்பே அவர்களது காப்புறுதி.

வாலிப அன்பர்களே, பெரியோர்களே! புயலை நிறுத்த எம்மால் இயலாது. அது விட்டுச்செல்லும் நட்டத்தின் ஆண்டுகளைக் குறைக்க இயலும். மாரிக்கு முன் அணையைச் சுற்றிப் பார்த்து, உடைப்பை அடைப்போம். ஊருக்குப் பொதுவான விதைநெற் களஞ்சியமொன்றை நிரப்பி வைப்போம். அனர்த்தத்தின் பின் ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்காதபடி பார்ப்போம். ஒரு கணக்குப் புத்தகமும் வைப்போம்: எந்த ஆண்டு என்ன அழிந்தது, எப்போது செப்பனிட்டோம், எத்தனை போகம் இழந்தோம் என்று அதில் எழுதுவோம். அரசாங்கம் அன்றைய சேதத்தை எழுதிச் செல்லும். அதன்பின் வரும் ஆண்டுகளை எழுதவேண்டியவர் நாமே. எழுதிவைத்த கணக்கைத்தான் காட்டிக் கேட்கலாம்.