1848: ஐரோப்பியப் புரட்சிகளின் விளைவு – ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய வரலாற்றில் 1848ஆம் ஆண்டு 'புரட்சிகளின் ஆண்டு' எனச் சுட்டப்பெறுகிறது. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயும், 1846இன் விளைச்சல் குறைவும், தொடர்ந்த தொழில் முடக்கமும் மக்களின் மனக்குறையைப் பெருக்கின. சனவரியில் பலேர்மோவில் கிளர்ச்சி எழுந்தது. பிப்ரவரியில் பாரிசில் மன்னர் லூயி பிலிப் முடிதுறந்தார். மார்ச்சு 13இல் வியன்னாவில் மெட்டர்னிக் பதவி விலகினார். 18இல் பெர்லின் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன.

எனினும், 1849 ஆகஸ்டில் அங்கேரியின் விடுதலைப் போர் உருசியப் படையின் துணையுடன் ஒடுக்கப்பட்டது. பிரான்சில் 1851 டிசம்பர் 2இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். இவற்றைக் கொண்டு இப்புரட்சிகள் தோல்வியுற்றன என்பர். அரியணைகளை மட்டும் நோக்கின் அம்முடிவு பொருந்தும்; உழைப்போர் நிலையை நோக்கின் அது முழுமையாகாது. ஆஸ்திரியப் பேரரசில் உழவரைப் பிணித்திருந்த நிலக்கிழாரியக் கடமைகள் 1848 செப்டம்பர் 7ஆம் நாள் சட்டத்தால் நீங்கின; மன்னராட்சி வலுப்பெற்ற பின்னரும் அவை மீளவில்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறை 1802இல் மீட்கப்பட்டது. 1848 ஏப்ரல் 27ஆம் நாள் ஆணைக்குப்பின் அது மீளவே இல்லை.

ஆகவே, ஆட்சியாளர் மீண்டதைக் கொண்டே ஒரு புரட்சியின் விளைவை அளத்தல் போதாது என்பது புலனாகிறது.