ஸ்கைரிம் மாட்கள் வீடு மாறிய கதை

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும்தானா? இன்று ஒரு கணினி விளையாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பெதெஸ்டாவின் ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. 2012 பிப்ரவரியில் 'கிரியேஷன் கிட்' என்ற கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள். அவ்வளவுதான்! புது ஊர், புது ஆயுதம், புது கதை என்று ரசிகர்கள் மாட்களைச் செய்து குவித்தார்கள். ஆனால் விளையாட்டோ 32-பிட் நிரல். 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் அதனால் தொட முடியாது. மாட்களை அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொத்தென்று டெஸ்க்டாப்பில் வந்து விழும் :-)

2016 அக்டோபர் 28 அன்று 64-பிட்டில் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. நினைவகத் தொல்லை தீர்ந்தது. பழைய மாட்கள்? அங்கேதான் வினை.

சில மாட்களுக்கு வேலை சுலபம். புதிய கிரியேஷன் கிட்டில் திறந்து சேமித்தால் போதும், உள்ளே இருக்கும் பதிப்பு எண் 43-லிருந்து 44 ஆகிவிடும். முப்பரிமாண உருவங்களின் கோப்பு அமைப்பும் மாறியிருந்ததால் அவற்றைத் தனிக் கருவியில் போட்டு மாற்ற வேண்டும். 32-பிட் அசைவுக் கோப்புகளும் அப்படியே. மிகக் கடினமானவை ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை நம்பிய டிஎல்எல் கோப்புகள். மூல நிரல் கையில் இருந்து, மறுபடி கம்பைல் செய்தால்தான் உண்டு.

2021 நவம்பர் 11 அன்று ஆனிவர்சரி எடிஷன் வந்தபோது அந்த டிஎல்எல்கள் மீண்டும் உடைந்தன. பாவம், மறுபடியும் முதலிலிருந்து!

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. மாற்றிய மாடை வெளியிட, அதைச் செய்தவரின் அனுமதி வேண்டும். பலர் அதற்குள் விளையாட்டையே விட்டுப் போயிருந்தார்கள். மடலுக்குப் பதில் வராது. அனுமதி இல்லாததால் எத்தனையோ நல்ல மாட்கள் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டன. சொந்தக் கணினியில் மாற்றி விளையாடலாம், ஊருக்குக் கொடுக்க முடியாது. "யார் வேண்டுமானாலும் மாற்றி வெளியிடலாம்" என்று முன்பே ஒரு வரி எழுதி வைத்தவர்களின் மாட்களுக்கோ இந்தத் தடையே இல்லை.

ஓலைச்சுவடி படியெடுக்கப்படாவிட்டால் அழிந்துவிடும் என்று படித்திருக்கிறோம். கணினிக் கோப்புக்கும் அதே கதிதான் போலிருக்கிறது. நீங்கள் எதையாவது உருவாக்கினால், அந்த ஒரு வரியை மறக்காமல் எழுதி வையுங்கள்.