ஹட்சன் ஆற்றைக் கழுவப் பார்த்த கிருமிகள்

மின்சாரத் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு பி.சி.பி. என்ற பெயர் நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மரிலும் கெப்பாசிட்டரிலும் ஒரு காலத்தில் ஊற்றிய எண்ணெய் அது. லேசில் தீப்பிடிக்காது, சூட்டிலும் கெடாது. அந்தக் குணத்துக்காகவே அதைக் கொண்டாடினார்கள். ஆற்றில் கலந்த பிறகு அதே குணம் வினையாகிவிட்டது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கெப்பாசிட்டர் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. ஹட்சன் ஃபால்ஸில் ஒன்று, ஃபோர்ட் எட்வர்டில் ஒன்று. ஏறக்குறைய 1947 முதல் 1977 வரை 13 லட்சம் பவுண்டு பி.சி.பி. வரை, அதாவது சுமார் 590 டன், ஆற்றுக்குள் போயிருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. அது அடிச்சேற்றில் படிந்து, புழு பூச்சி வழியாக மீனுக்கு ஏறியது. 1976இல் ஆற்றின் மேல்பகுதியில் மீன் பிடிக்கவே தடை போட்டார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. இதே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் நம் வங்காளத்து ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கில் 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உலகமே பேசியது. ஆனால் அந்தப் பாக்டீரியா எண்ணெய் படர்ந்த கடலில் இறங்கி வேலை செய்யவே இல்லை.

ஹட்சன் சேற்றிலோ, யாரும் உருவாக்காத கிருமிகள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அதை 1980களில் கம்பெனியின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். காற்றுப் புகாத அடிச்சேற்றில் ஒரு வகைக் கிருமி பி.சி.பி.யிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. குளோரின் குறைந்த மிச்சத்தை, ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் வேறொரு வகை உடைத்துத் தின்கிறது.

1991இல் ஆற்றிலேயே ஒரு பகுதியைத் தடுத்து, ஆக்சிஜனும் சத்துப் பொருட்களும் கொடுத்துப் பார்த்தார்கள். 73 நாளில் 37 முதல் 55 சதவீதம் வரை சிதைந்தது. வெளியிலிருந்து வளர்த்துக் கொண்டுவந்து விட்ட பாக்டீரியாவால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. உள்ளூர்க் கிருமிகளே போதுமானதாக இருந்தன.

சோதனை உண்மையானதுதான். ஆனால் கம்பெனி அதை வைத்துப் பேசிய பேச்சு வேறு மாதிரி. "ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, சேற்றைக் கிளறாமல் விடுங்கள்" என்ற வாதம் பல வருடம் ஓடியது. சுற்றுச்சூழல் முகமை ஒப்புக்கொள்ளவில்லை. குளோரின் சில கழன்றால் பி.சி.பி. குறையலாம், மறைந்துவிடாது என்றது. 2002இல் தூர்வார உத்தரவு வந்தது. 2009இல் தொடங்கி 2015இல் முடிந்த வேலையில் ஏறத்தாழ 27 லட்சம் கன கெஜம் சேற்றை அள்ளினார்கள். அதற்குப் பிறகும் மேல் ஹட்சனில் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும், சாப்பிடக் கூடாது என்றே விதி.

கிருமிகள் மேல் குறையில்லை. வசதி செய்து கொடுத்தால் உழைக்கும், தன் வேகத்தில் உழைக்கும். எங்காவது ஒரு கழிவு மேட்டைக் காட்டி "பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், எத்தனை வருடம் ஆகும், எவ்வளவு மிஞ்சும், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிப்பது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.